தட்டித் தட்டிப் பிழைக்க வைத்த என் குறைமாதப் பிள்ளை

என் பெயர் ஆரோக்கியமேரி. கடத்தூருக்குப் பக்கத்து ஊர். கொஞ்சம் மானாவாரி நிலத்தில் ராகியும் கடலையும் போட்டுப் பிழைக்கிறவர்கள் நாங்கள். ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைக் கோவிலில் எழுந்து நின்று சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன், எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழி மாதம். நான் ஏழு மாதக் கர்ப்பம். ஏற்கெனவே ஒரு பிள்ளை குறைமாதத்தில் பிறந்து அன்றே இறந்திருந்தது. கடலை உடைத்துக்கொண்டிருக்கும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சவுரியப்பன், சந்தைக்குப் போகிற தக்காளி லாரியை நிறுத்தி என்னை ஏற்றினார். கன்னியர்கள் நடத்தும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் பெண் குழந்தை பிறந்தது.

பிள்ளை ஒரு கை அளவுதான் இருந்தாள். பல்பு எரியும் பெட்டிக்குள் பஞ்சு சுற்றி வைத்திருந்தார்கள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புக்கு நடுவில் தோல் குழிந்து குழிந்து போகும். டாக்டரம்மா என் வீட்டுக்காரரிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"நுரையீரல் இன்னும் முழுசா வளரல. சளி வேற அடைக்குது. எங்களால ஆனதைச் செய்யறோம்."

பிழைக்காது என்று நினைத்து, அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கன்னியரான அமலா சிஸ்டர் அங்கேயே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். பெயர் கேட்டார். நான் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. "மரியா" என்றேன்.

ஆஸ்பத்திரிக் கோவிலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். ஜெபமாலை சொல்ல வரவில்லை. "அம்மா, இந்தப் பிள்ளைக்கு மூச்சைக் கொடு" என்பது மட்டும்தான் வந்தது. கண்ணைத் திறந்து போய்ப் பார்த்தால் பிள்ளை சரியாகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தாள்.

அமலா சிஸ்டர் என்னைத் தேடி வந்தார். "ஜெபம் பண்ணிட்டியா? சரி, கையக் கழுவிட்டு வா" என்றார்.

மடியில் தலையணை வைத்து, தலைப்பக்கம் கொஞ்சம் தாழ இருக்கும்படி பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மூன்று விரல்களைக் குவித்து முதுகில் மெல்லத் தட்டினார். சளி இளகி மேலே வந்ததும் மெல்லிய ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்தார். பால் கொடுக்கும் முன்பு ஒவ்வொரு தடவையும் இப்படித் தட்ட வேண்டும், நீயும் பழகிக்கொள் என்றார்.

"அடிச்சா செத்துடுங்க சிஸ்டர். என்னால ஆவாதுங்க."

அவர் என் புறங்கையில் அதேபோலத் தட்டிக் காட்டினார். "வலிக்குதா?"

"இல்லீங்க."

"அவளுக்கும் வலிக்காது."

இருந்தாலும் எனக்குக் கை நடுங்கியது. சிஸ்டர்தான் செய்வார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மத்தியானம் என் நாத்தனார் சகாயம் ஊரிலிருந்து வந்தார். அவர் கண்முன்னேயே சிஸ்டர் பிள்ளையைத் தட்டி முடித்துவிட்டுப் பிரசவ அறைக்குப் போனார். தட்டியதைப் பார்த்த நாத்தனாருக்கு ஆவேசம் வந்துவிட்டது. பிள்ளையைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பியிடம் கத்தினார்.

"பச்ச மண்ணப் போட்டு அடிக்கறாங்க, நீ பாத்துக்கினு நிக்கிற! சாவறதுனா நம்ம வூட்ல சாவட்டும், கெளம்புடா."

என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன். அப்போது நாத்தனார் கையிலேயே பிள்ளையின் உதடு நீலமானது. மூச்சு நின்றுவிட்டது.

"சிஸ்டரக் கூப்புடுங்க!" என்று என் வீட்டுக்காரர் ஓடினார். நான் பிள்ளையைப் பிடுங்கி மடியில் சாய்த்தேன். தலையைத் தாழ்த்தி, விரல்களைக் குவித்துத் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் "மாதாவே, மாதாவே" என்றேன். என் கை நடுங்கவில்லை. அதை நான் அப்புறம்தான் உணர்ந்தேன். கெட்டிச் சளி வாய்க்கு வந்தது. துணியால் வழித்தெடுத்தேன். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிள்ளை அழுதாள்.

சிஸ்டர் குழாயோடு ஓடி வந்து மிச்சத்தை எடுத்தார். உதடு மெல்லச் சிவந்தது. நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து, "எனக்கும் சொல்லிக் குடுங்க சிஸ்டர்" என்றார். அதன்பின் நாங்கள் இருவரும் மாற்றி மாற்றித் தட்டினோம். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கும் முன் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இப்போது மரியா பள்ளிக்கூடம் போகிறாள். பனிக்காலத்தில் இன்றும் இளைப்பு வரும். இன்றும் தட்டுகிறேன். நான் கேட்டது ஒரே நொடியில் நடக்கும் அற்புதம். மாதா கொடுத்தது சிஸ்டரையும், டாக்டரம்மாவையும், நடுங்காத கையையும். எனக்கு அது போதும்.

அதற்கு முன் நான் திருவிழாவுக்கு மட்டும் கோவிலுக்குப் போகிறவள். இப்போது ஞாயிறு பூசை தவறுவதில்லை. ஊரில் யாருக்காவது குறைமாதப் பிள்ளை பிறந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அந்தத் தாயோடு கூட இருக்கிறேன். போன வருஷம் பக்கத்து வீட்டு முனியம்மாவோடு இருந்தேன்.

"நாங்க உங்க சாமியக் கும்புடாதவங்க. நான் கேக்கலாமாக்கா?" என்றாள்.

"கேளு கண்ணு. உனக்குத் தெரிஞ்ச பேச்சுல கேளு" என்றேன். கேட்டாள். அவள் மகன் இப்போது வாசலில் தவழ்கிறான்.

இதைப் படிக்கிற யாராவது இன்று ஒரு பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நீங்களும் கேளுங்கள். வார்த்தை வரவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்கிறேன்.