சொல்லிவிட்டுப் போகட்டும்

பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தைகளைச் சில மாதங்கள் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களின் சொந்தப் பிள்ளைகளுக்காகச் எங்கள் தொண்டு அமைப்பின் சார்பில் சிட்லபாக்கத்தில் சனிக்கிழமை தோறும் கூட்டம் நடத்தினோம். விளையாட்டு, கலர் பேனா, சமோசா எல்லாம் என் பொறுப்பு.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். பத்தாவது படிப்பவள், இரட்டைப் பின்னல், சமோசாவின் ஓரத்தை மட்டும் தின்பவள். கால் மணிக்கொரு தடவை அம்மாவுக்கு போன் போட்டு, "பாப்பா வீட்லதானே இருக்கா?" என்பாள். பாப்பா, அப்போது அவர்கள் வீட்டில் வளர்ந்த குழந்தை.

"அவ்ளோ பாசமா?" என்று கிண்டலடித்தேன்.

"பாசமா? என் ஜியாமெட்ரி பாக்ஸையே உடைச்சிட்டாக்கா! போன தடவ எங்க வீட்ல இருந்த குட்டிய, நான் டியூஷன் போயிருந்தப்போ அதோட சொந்த அம்மாகிட்ட அனுப்பிட்டாங்க. சொன்னா நான் அழுவேனாம். வந்து பார்த்தா கட்டில் காலி. நீங்க எங்கம்மாகிட்ட பேசுங்கக்கா. முன்னாடியே சொல்லட்டும், நான் அழுதுக்கறேன்."

அன்று மாலையே அவள் அம்மாவிடம் போய்ப் பேசினேன்.

இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து மெசேஜ்: "பாப்பா புதன்கிழமை போறாளாம், அம்மா சொல்லிட்டாங்க. இந்த வாரம் நான் வரலக்கா. அவகூட நிறைய சண்டை போட வேண்டியிருக்கு."

புதன்கிழமை முடிந்துவிட்டது. எப்படி இருந்தது என்று அவளுக்கு டைப் செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறேன். அவளுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை.