பாதியில் வெட்டிய பாடம்

வெற்றிச்செல்வியின் ஒரு கை கலியம்மாளின் தோளிலும் இன்னொரு கை இடுப்பிலும் இருந்தன. வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன கலியம்மாளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணையைச் செருகும்போது போன் அடித்தது. கீழப்பழுவூர் பொன்னாயி.

"அக்கா, நீங்க காட்டுன மாதிரியே கையப் புடிச்சு இழுத்துத் தூக்குனேன். மாமியாருக்குத் தோளு வீங்கிப்போச்சுக்கா."

"கையப் புடிச்சு இழுக்கவா? நானா காட்டுனேன்?"

"டவுன் பயிற்சி சென்டர்லேர்ந்து போனுக்கு வந்த பாடத்துலக்கா. குரல் மலர்கொடியுது. ஆனா கையில அந்தச் சூட்டுத் தழும்பு இருந்துச்சே. நீங்கதான்னு நம்பிட்டேன்."

"அசைக்காத. கையத் துணியால மாரோட கட்டி டாக்டர்கிட்ட காட்டு. காலையில நான் வரேன்."

சிறுவாச்சூர் வெற்றிச்செல்வி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி முடித்து இருபது வருடம் ஆகிறது. போனில் படம் பிடித்து அனுப்பிப் பாடம் சொல்லத் தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முன்புதான். வாட்ஸ்அப் குழுவில் படிப்பவர்கள் நாற்பது பெண்கள். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு பருத்தி எடுக்கப் போகிறவர்கள். சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிற அளவுக்கு நாலே நிமிடம். பரீட்சை கிடையாது. முதலில் தப்பாகச் செய்து காட்டி, "எங்க தப்பு, சொல்லுங்க பாப்போம்" என்பாள். பிள்ளை பெற்று வளர்த்தவர்களுக்குப் புத்தி சொன்னால் காதில் ஏறாது. தப்பைப் பிடிக்கச் சொன்னால் விடமாட்டார்கள். குரல் பதில்கள் வந்து குவியும். பிறகுதான் சரியான முறை.

ஒவ்வொரு பாடத்தையும் பக்கத்தில் நின்று படம் பிடித்தவள் மலர்கொடி. இவளிடம் தொழில் பழகியவள், இவள் சோற்றைத் தின்றவள். அவளுக்கே போன் போட்டாள்.

"நம்ம பாடத்த சென்டர்ல குடுத்தியா?"

"அவங்க சர்டிபிகேட் தராங்கக்கா. நீங்க எட்டாவதுதானே, உங்க பேர் போட்டா எடுபடாதுன்னாங்க."

"பேரு கெடக்கட்டும். தப்பச் செஞ்சு காட்டுறேன்ல, அதுக்கப்புறம் வர்றதெல்லாம் எங்கடி?"

"ரொம்ப நீளம்னு வெட்டிட்டாங்க போல. நான் முழுசாப் பாக்கலக்கா."

"பாக்காமலே உன் குரலக் குடுத்தியா?"

வெற்றிச்செல்வி போனை வைத்துவிட்டு, கலியம்மாளின் ஈரத்துணியை மாற்றினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள். படம் பிடிக்க ஆள் இல்லை. தழும்புள்ள கையை முதலில் காட்டி, பெயரையும் ஊரையும் சொன்னாள். "சென்டர் பாடத்துல இருக்குற மாதிரி யாரும் தூக்காதீங்க" என்றாள். கலியம்மாளைச் சரியான முறையில் மட்டும் தூக்கி உட்கார வைத்தாள். தப்பைச் செய்து காட்டவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. குழுவிலிருந்து மலர்கொடியின் எண்ணை நீக்கிவிட்டு, பாடத்தை அனுப்பினாள். கலியம்மாளுக்குக் கஞ்சி கொடுத்து, அவள் மகளிடம் ஒப்படைத்துவிட்டு, பொன்னாயி வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.