கோணி ஊசியால் தைத்த பக்கங்கள்

அப்பாவின் பிரம்பு நாற்காலி காலியாகி இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. அவருக்காக ஜெபிக்க ஈப்போவில் எங்கள் வீட்டில் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் இந்த நினைவு மலரில் மகளாகிய நான் எழுதுவது. நல்லதை மட்டும் எழுது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பாவிடம் நல்லதுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதியதாகிவிடும். அப்பாவுக்கே அது பிடிக்காது.

அப்பா பிறந்தது திருநெல்வேலிச் சீமையில், பனையும் செம்மண்ணும் உள்ள ஒரு கிராமத்தில். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, மிஷன் பள்ளியில் படித்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் உபதேசியார் வேலை கிடைத்தது. காலையில் லயங்களில் குடியிருந்த தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம், ஞாயிற்றுக்கிழமை அதே கொட்டகையில் ஆராதனை. காய்ச்சலில் செத்தவர்களுக்குச் சவப்பெட்டி செய்ய ஆள் இல்லாதபோது தாமே ரம்பம் பிடித்தார். சாராயத்துக்கு எதிராகப் பேசிக் கங்காணியிடம் வசவும் வாங்கினார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்! சரி என்று பட்டுவிட்டால் மலையே வந்து மறித்தாலும் நகரமாட்டார்.

அம்மா தரங்கம்பாடிப் பக்கத்துக் குடும்பம். தாத்தா கோலா கங்சாரில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். கல்யாணத்தின்போது அம்மா கொண்டுவந்த சீதனத்தில் பழைய அச்சில் கனமான ஒரு வேதபுத்தகமும் இருந்தது. அதில் இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே, இப்போது நம் சபையில் வாசிக்கும் புத்தகத்தில் இல்லாத சில ஆகமங்கள் இருந்தன. தள்ளுபடியாகமம் என்று சொல்வார்களே, அவைதான். அம்மா வீட்டில் அவற்றை வேதத்துக்குச் சமமாக வைப்பதில்லை, ஆனால் நல்ல புத்தகம் என்று வாசிப்பார்கள். அப்பாவின் ஊரில் அவற்றைத் தொடவே மாட்டார்கள்.

அவற்றில் ஒரு கதை அம்மாவுக்கு உயிர். குருவி எச்சம் விழுந்து கண்ணிழந்த ஒரு தகப்பன். அவர் மகன் தூரதேசம் போகிறான். துணைக்கு வரும் வழிப்போக்கன் தேவதூதன் என்று யாருக்கும் தெரியாது. மகனுடைய நாயும் பின்னாலேயே போகிறது. கடைசியில் மகன் திரும்பி வந்து கண்ணில் மீனின் பித்தநீரைத் தடவ, தகப்பனுக்குப் பார்வை வருகிறது. சாயங்காலங்களில் லயத்துப் பெண்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, “அந்த நாய்க் கதையைச் சொல்லுங்கம்மா” என்பார்கள். பிள்ளையைத் தூரமாக அனுப்பிவிட்டுக் காத்திருப்பது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிறு ஈப்போவிலிருந்து சபைப் போதகரான ஐயர் வந்திருந்தார். வேதத்தில் பிடித்த கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டார். ரப்பர் பால் வெட்டும் பாக்கியம் எழுந்து, நாயிலிருந்து மீனின் பித்தநீர் வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். ஐயர் சிரித்துக்கொண்டே, “இது எந்த வேதத்துல இருக்கு, உபதேசியாரே?” என்று கேட்டார். அப்பாவின் முகம் செத்துவிட்டது.

அன்று மத்தியானம் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் அந்தப் புத்தகத்தை எடுத்தார். கிழிக்கக் கை வரவில்லை. தேவனுடைய வார்த்தையோடு சேர்த்துக் கட்டியது அல்லவா! எரிக்கவும் பயம். அரிசி மூட்டை தைக்கும் கோணி ஊசியும் சணலும் எடுத்து, அந்த ஆகமங்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்து ஓரத்தில் தைத்துவிட்டார். உலகத்தில் வேறு யாருக்காவது இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்குமா, எனக்குத் தெரியாது. அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே, “நல்லா இறுக்கித் தைங்க. நாய் வெளிய ஓடிரப் போகுது” என்றார். அப்பா சிரிக்கவில்லை.

அதன் பிறகு அம்மா அந்தக் கதையை யாருக்கும் சொல்லவில்லை. பெண்கள் கேட்டால், “அவுகளுக்குப் பிடிக்கல, விடுங்க” என்று சொல்லிவிடுவார்.

சில வருஷங்கள் கழித்து அம்மாவைக் காய்ச்சல் பிடித்தது. கொயினா மருந்துக்கு அடங்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று அம்மா தெளிவாகத்தான் இருந்தார். அப்பாவைக் கூப்பிட்டு, “இந்தாங்க, அந்த நாய்க் கதையை எனக்கு ஒரு தடவை வாசிங்களேன்” என்று கேட்டார்.

“அது வேதம் இல்ல. இந்த நேரத்துல தேவ வசனம்தான் கேக்கணும்” என்றார் அப்பா.

“எல்லாம் தெரியும். நீங்க வாசிச்சுக் கேக்கணும்னு ஆசை.”

அப்பா சங்கீதம் ஒன்றை எடுத்து வாசித்தார். நல்ல குரல், நல்ல வசனம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடிக்கும்போது உயிர் பிரிந்தது. அந்தக் கதை அம்மாவுக்கு மனப்பாடம். கேட்டது கதையை அல்ல, புருஷனுடைய குரலில் ஒரு சம்மதத்தை. இது எனக்கு அப்போதே தெரியும். அப்பாவுக்குத் தெரிய வருஷங்கள் ஆயின.

பிறகு ஈப்போவில் பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்து, அப்பாவை என்னோடு அழைத்துக்கொண்டேன். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து பார்வை போயிற்று. “எந்தக் குருவியும் எச்சம் போடல பாப்பா, வயசுதான்” என்று தாமே சொல்லிச் சிரித்தார். அந்தக் கதையைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “அந்தச் சணலைப் பிரி” என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “வேதம் இல்லன்னு சொன்னீங்களேப்பா” என்று கேட்டுவிட்டேன்.

“இல்லதான். இன்னைக்கும் இல்லன்னுதான் சொல்லுவேன்” என்றார். “ஆனா அவ வேதமான்னு கேக்கலையே. வாசின்னுதான கேட்டா.”

கத்தரிக்கோலால் ஒவ்வொரு தையலாக வெட்டினேன். நான் ஒரு வரி வாசிக்க, அப்பா திருப்பிச் சொல்ல, ஒரு மாதத்தில் கதை முழுவதும் பாடமாயிற்று. அம்மாவின் கல்லறையில் போய் அதைச் சொல்ல வேண்டும் என்றார். தாப்பா வரை பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி. பழைய கங்காணியே வண்டியோடு வந்து நின்றார்.

கல்லறைத் தோட்டம் முழுவதும் லாலான் புல் இடுப்புயரத்துக்கு மண்டிக்கிடந்தது. ஒரு சிலுவைகூடக் கண்ணில் படவில்லை. கங்காணி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, “போன வறட்சியில லாலான் தீப்பிடிச்சிருச்சுங்க. மரச்சிலுவை எல்லாமே எரிஞ்சு போச்சு. யாரு எங்கன்னு இப்ப ஒருத்தருக்கும் தெரியாது” என்றார். அப்பா, “பாப்பா, நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்?” என்று கேட்டார்.

தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, ஆராதனையில் வாசிக்கும் அதே குரலில், குருவி எச்சத்திலிருந்து தொடங்கினார். நாய் வரும் இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தி, மறுபடி அந்த வரியிலிருந்தே சொன்னார். முடித்ததும், “கேட்டியா?” என்றார், எனக்கல்ல.

அதன்பின் அப்பா அதிக நாள் இருக்கவில்லை. அடக்கத்தில் ஐயர் சபை முறைப்படிதான் வாசித்தார். அப்பாவும் அதைத்தான் விரும்பியிருப்பார். தள்ளுபடியாகமம் வேதமாகுமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் சாகக் கிடக்கிறவர் ஒன்றை வாசிக்கச் சொன்னால் முதலில் வாசியுங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்த மலரை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

அப்பாவின் கடைசி நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், பெட்டியைத் தூக்கிய சபை வாலிபருக்கும், வண்டி கொண்டுவந்த கங்காணிக்கும், செய்தி கேட்டு லயத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த பாக்கியத்துக்கும், தவறாமல் வந்து ஜெபித்த ஐயருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அம்மாவின் புத்தகம் என் மேஜைமேல் இருக்கிறது. பக்கங்களின் ஓரத்தில் ஊசித் துளைகள். எழுத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

அப்பா, அன்று உங்கள் தோளைத் தயங்காமல் பிடித்துத் திருப்பினேன். அம்மா அந்தப் பக்கம்தான் இருந்தாரா என்று எனக்கும் தெரியாது.