படத்தில் ஏறிய மனை

சினிமா என்றால் பாட்டு வேண்டும், சண்டை வேண்டும், ஒரு ராஜாவாவது வேண்டும். அந்தத் துரை எடுத்த சினிமாவில் வரப்புதான் இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் அப்போது பிரெஞ்சு வாத்தியார். கைப்பிடி சுற்றுகிற படப்பெட்டியோடு பிரான்சிலிருந்து வந்து இறங்கியவருக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். விடுமுறையில் வீட்டில் கிடந்த என்னைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள். எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

முதல் நாள் முழுக்க ஒரே ஒரு வரப்பைப் படம் பிடித்தார். ஆள் வந்தால் விலகச் சொன்னார், நண்டு வந்தால் சந்தோஷப்பட்டார். குடை பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றது நான். இரண்டாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மண்ணுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு நடையில் தெரியுமாம். அதனால் அவரவர் நிலத்தைச் சுற்றி அவரவர் நடக்க வேண்டும், துரை அந்தக் கால்களை மட்டும் படம் எடுப்பார். இந்தத் தத்துவத்தை நான் தமிழில் எப்படிச் சொல்வது? “தொரை உங்க உங்க நெலத்த சுத்தி நடக்கச் சொல்றாரு” என்றேன்.

வந்தது வினை. சர்க்கார் நிலத்தை மறுபடி அளக்கிறது, படத்தில் ஏறியதுதான் இனிமேல் பட்டா என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இது அளவை இல்லையப்பா, வெறும் சினிமா என்று தொண்டை வறளச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கால் காணி வைத்திருந்தவன் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குள் இரண்டு முழம் தள்ளி நடந்தான். பக்கத்து வயல்காரன் சும்மா இருப்பானா, அவன் இந்தப் பக்கம் மூன்று முழம் வந்தான். ஒரே நாற்றங்காலை மூன்று பேர் சுற்றினார்கள். நாற்று மிதிபட்டது, மேல்துண்டு கிழிந்தது. துரை மட்டும் பிரமாதம் பிரமாதம் என்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் வில்வண்டியை விட்டு இறங்கவே இல்லை. எந்தெந்த வயல் தன்னுடையது என்று வண்டிக்காரனைக் கேட்டுக் கேட்டு ரோட்டோடு போய்வந்தார். அவருக்குப் பதிலாக மாட்டின் கால்கள்தான் படத்தில் விழுந்தன.

மூன்றாம் நாள் சாயங்காலம் சாமான்களைக் கட்டும்போது ஒருத்தி வந்து நின்றாள். நடவு வேலை செய்கிறவள், நாற்பது வயதிருக்கும், புருஷன் இல்லை. மிராசுதார் நிலத்தோரம் வாய்க்கால் பக்கமாக அவள் குடிசை. மாமியார் காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறார்கள், காகிதம் ஒன்றும் கிடையாது. குளித்துவிட்டுத் திருநாளுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள்.

“நானும் என் மனைய சுத்தி நடக்கறேன். புடிக்கச் சொல்லுங்கய்யா.”

படச்சுருள் தீர்ந்துவிட்டது என்றார் துரை. சொன்னேன். தட்டிக்கழிக்கிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் நகரவில்லை. எனக்குப் பசி, தலைவலி, மூன்று நாள் கடுப்பு வேறு. “சும்மா சுற்றுங்கள், இல்லாவிட்டால் இவள் போகமாட்டாள்” என்று பிரெஞ்சில் சொன்னேன். துரைக்கு மனசில்லை. கூசிக்கொண்டே வெறும் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினார்.

மற்றவர்களைப் போல அவள் ஒரு விரற்கடை கூட வெளியே கால் வைக்கவில்லை. குடிசை, முருங்கை மரம், ஆடு கட்டும் முளை, சாணி மெழுகிய வாசல், எல்லாவற்றையும் உள்ளடக்கி வேலிக்கு உட்புறமாகவே மெதுவாக நடந்தாள். ஒவ்வொரு மூலையிலும் நின்று பெட்டியைப் பார்த்தாள். முடித்துவிட்டு வந்து “வுழுந்துச்சாங்கய்யா?” என்று கேட்டாள். “எல்லாம் விழுந்துடுச்சி, போ” என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஓரத்தையும் சேர்த்துக் கரும்பு போட மிராசுதார் நினைத்தார். அங்கிருந்த நாலைந்து குடிசைக்காரர்களுக்கு வேறு இடம் காட்டினார். மற்றவர்கள் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். இவள் மட்டும் தன் மனை படத்தில் ஏறியிருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டாள். அவளுக்குக் காட்டிய இடமும் இன்னொருவருக்குப் போய்விட்டது. மிராசுதார் வழக்குப் போட்டுக் கோர்ட்டிலிருந்து காகிதம் வந்த அன்று பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தேடி வந்தாள்.

“அந்தத் தொரைக்கு ஒரு கடுதாசி எழுதுங்கய்யா. படத்த அனுப்பச் சொல்லுங்க. அதுல நான் நடந்தது இருக்குதே.”

சினிமா கோர்ட்டில் செல்லாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். என்னவோ அன்றைக்கு வாய் வரவில்லை. பெட்டியில் சுருளே இல்லை, சும்மா சுற்றச் சொன்னது நான்தான் என்றேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வாசற்படியில் குந்திக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரை மேல் இருந்த எரிச்சல் எப்போதோ தீர்ந்துவிட்டது. என் மேல் அன்று வந்தது இன்றுவரை தீரவில்லை.

“படம் இல்லன்னா இன்னா, நீங்க பாத்தீங்க இல்ல?” என்றாள் கடைசியில். “எந்தெந்த மூலையில நின்னேன்னு உங்களுக்குத் தெரியும். அத்த வந்து சொல்லுங்க, போதும்.”

தெரியும். இப்போது கேட்டாலும் நாலு மூலையையும் சொல்வேன். ஆனால் நான் குடியிருந்த வீடு மிராசுதாருடையது.

“சர்க்கார் வாத்தியார் கோர்ட்டுல சாட்சி சொல்லக்கூடாதும்மா. சட்டம் அப்படி” என்றேன். அப்படி ஒரு சட்டம் எந்த ஊரிலும் கிடையாது.

அவள் நம்பினாள். “அப்டிங்களா. எங்களால உங்களுக்கு எதுக்குங்கய்யா வம்பு” என்று காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனாள்.