ஐந்து கட்டையில் ஒரு தோ

கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் கல்லூரியில் பியானோ மட்டும் அங்கேயே நின்றது. ரசாயனம் படித்த எங்களுக்குச் சனிக்கிழமை காலைகளில் மேற்கத்திய இசையின் ஆரம்பப் பாடம். பட்டத்துக்கு வேண்டாத பாடம். அதனாலேயே எனக்கு வேண்டியிருந்தது. ஐந்து கோடுகள், அவற்றில் ஏறி இறங்கும் கறுப்புப் புள்ளிகள். பாட்டைக் கண்ணால் படிக்கலாம் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பருவத் தேர்வில் பாடத் தவறினால் அடுத்த பருவத்தில் இடம் இல்லை. எனக்கு அந்த இடம் வேண்டும்.

தேர்வன்று பலகையில், நம் ச போல முதல் ஸ்வரமான தோவில் தொடங்கி மேல் தோ வரை ஏறும் வரி. பாடம் நடத்திய மதாம் பியானோவில் தோவைத் தட்டினார். அதை, ஆரம்பி என்னும் மணியாக எடுத்துக்கொண்டு, என் தொண்டை நிற்கும் இடத்திலிருந்து பாடினேன். வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊர் பஜனையில் அப்பாவின் ஆர்மோனியம் அப்படித்தான்: பாடுகிறவரின் சுருதிக்கு அது வரும்.

வகுப்பு சிரித்தது. மாதா கோயிலில் பாடும் என் தோழி, "உன் தோ எங்கடி போவுது? கனகசெட்டிக்குளம் எல்லையையே தாண்டிட்டுதா?" என்றாள்.

"தோவுக்கு ஒரே எடந்தாம்மா," என்றார் மதாம். "ஒங்க ச மாதிரி ஆளுக்கு ஆளு நகராது."

"அப்ப நான் பாடுனது தப்பா மதாம்?"

"பாட்டு சரி, எடம் வேற. எங்கேர்ந்து பாடுனேன்னு பலகையில எழுது. எழுதிட்டா பாஸு."

என் சுருதி ஐந்து கட்டை. தோவிலிருந்து ஐந்தாவது வெள்ளைக் கட்டை, சோல்; என் குரலில் அது மதாம் தட்டிய தோவுக்கும் கீழே இருக்கும் சோல். அங்கிருந்து பலகையில் ஏற்றி எழுதினேன்: சோல், லா, சி, தோ, ரே, மி, ஃபா, சோல். மதாம் வாசித்தார். ஃபா வந்ததும் காது கூசியது.

"இது என் நி இல்ல மதாம். என்னுது இன்னும் மேல."

"எங்க, காட்டு."

பியானோவுக்குப் போய், ஃபாவை ஒட்டிய கறுப்புக் கட்டையை அழுத்தினேன். அதுதான்.

மதாம் எழுந்து வந்து, ஃபாவுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாய் ஒரு சின்னக் குறி போட்டார். "தியேஸ். அரைப் படி ஏத்துற குறி. அடுத்த பருவத்துலதான் நடத்தறதா இருந்தேன்."

"அவளே நடத்திட்டாளே மதாம்," என்றாள் தோழி. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அன்று வகுப்பு முழுவதும் அந்த வரியை என் சோலிலிருந்து பாடியது. ஜன்னல் வழியே வந்த கடலோசை அடங்கிப்போனது போலிருந்தது எனக்கு. உச்சத்தில் பாடியே பழகிய தோழிதான் திணறினாள்.

"எம்மாங் கீழ ஆரம்பிக்கிறடி."

"எறங்கி வா," என்றேன்.