காப்புக்கு முன்னால் ஆற்றைத் தாண்டிய மீன் பரல்

மீன் குடலும் இறால் தோடும் கெட்டுப்போன கித்துல் பாணியில், அந்தப் பனைப்பாகில், ஊறினால் என்ன வாசம் வரும் தெரியுமா?

முதலில் குமட்டும். பிறகு ஊறுகாய் மாதிரி ஒரு புளிப்பு... நாக்கில் எச்சில்கூட ஊறும். அதை நினைத்து மறுபடியும் குமட்டும்.

கலவானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு நான் மருமகளாகப் போன புதிது. அரசாங்கம் உர இறக்குமதியை நிறுத்தி, கடையில் உரமே கிடைக்காத காலம் அது, உங்களுக்கும் நினைவிருக்கும். தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு தேயிலைத் துண்டு பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பராமரிப்பது நாங்கள், கொழுந்தை வாங்குவது தோட்டத்து ஃபேக்டரி. எங்கள் துண்டு என் மாமியார் கமலம் அத்தையின் பேரில் இருந்தது. உரம் இல்லாமல் செடியெல்லாம் காமாலை வந்த மாதிரி மஞ்சளாகிக் கிடந்தது.

திருவிழா முடிந்து ஒரு மாதத்தில் மேனேஜர் துரை வந்து பார்ப்பார், வெளுத்த துண்டுகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் சொல்லிவிட்டார்கள். மாமா போன பிறகு அத்தைக்கென்று இருந்தது அந்தச் சரிவு ஒன்றுதான்.

டவுனில் மீன் விற்கும் சிங்களவர் சுனில் அய்யாதான் வழி சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. வெட்டிய கழிவைக் கொட்ட இடமில்லாமல் அலைந்துகொண்டிருந்த மனுஷன். நாங்கள் அவரை அய்யா என்போம், அவர் என்னை நங்கி என்பார்; அண்ணன், தங்கச்சி என்று அர்த்தம்.

"இத கெட்ட பாணியில ஊற வச்சி தண்ணி கலந்து ஊத்துங்க நங்கி. தேயிலை எப்புடி வருதுன்னு பாருங்க. ஆனா தினம் காலையில மூடிய கொஞ்சம் தொறந்து விடணும், ஹரித, சரியா? காத்து நெறைஞ்சா வெடிக்கும்."

வீட்டுக்குப் பின்னால் நீலப் பரல் ஒன்று, மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பீப்பாய், வந்து உட்கார்ந்தது. நானும் என் கணவர் சேகரும் விடிந்ததும் பிரட்டுக்கு ஓடிவிடுவோம். மூடி தளர்த்துவது அத்தையின் வேலை.

கழிவு கரைந்து பதமாகி வந்த நேரம் பார்த்து மாரியம்மன் திருவிழா வந்தது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குள் மீன் வாடையே கூடாது. அதிலும் அத்தை வருஷம் தவறாமல் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுப்பவர்.

காப்பு நாள் காலையே, திருவிழாவை நடத்தும் தோட்டத் தலைவர் வந்துவிட்டார்.

"கமலம்மா, அந்திக்குக் காப்பு. அந்தப் பரல ஆத்துல கவுத்துருங்க."

"கவுத்துட்டுத் தேயிலைக்கு எத ஊத்துறதுங்க தலைவரே? நீங்க வாங்கித் தருவீங்களா?" என்றேன். அத்தை என் கையைக் கிள்ளினார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

சாயந்தரத்துக்குள் பரலை சுனில் அய்யா வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சேகர் சொல்லித் தலைவரை அனுப்பிவைத்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.

பரல் வயிறு வீங்கி நின்றது. மூடியைச் சுற்றி பைக் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"வாட வெளிய போனா சாமி குத்தமாயிரும்னுதான் புள்ள கட்டுனேன். நாலஞ்சு நாளா தொறக்கவே இல்ல." அத்தையின் குரல் உள்ளே போய்விட்டது.

அங்கேயே திறக்கவும் முடியாது. மஞ்சள் தண்ணீர் தெளித்த வாசலும் வேப்பிலைத் தோரணமும் மீன் தண்ணீரில் குளித்துவிடும். ஆற்றைத் தாண்டித்தான் திறக்க வேண்டும்.

பரலைக் கயிற்றில் கட்டி, கம்பு கொடுத்து, முன்னால் சேதி கேட்டு வந்த சுனில் அய்யாவும் பின்னால் சேகரும் தூக்கினார்கள். நான் பாணி கேனோடு முன்னால் நடந்தேன். கடைசியில் அத்தை. கையில் செம்பு. பரல் போன பாதையெல்லாம் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தார்.

ஆற்றுக்கு ஒரு மரப்பாலம், ஒரு ஆள் அகலம்தான். நான் அக்கரை ஏறித் திரும்பிப் பார்க்கிறேன்... நடுப்பாலத்தில் பரல் சீறுகிறது. மூடி ஒரு பக்கம் எழும்புகிறது. கோயிலில் தப்பு மேளச் சத்தமும் அப்போதுதான் ஆரம்பித்தது.

"ஹெமின், மெதுவா! ஆட்டாதீங்க!" சுனில் அய்யா கத்தினார். தோளில் கம்பு, இருவருக்கும் கை எடுக்க வழியில்லை. கம்பை விட்டால் பரல் ஆற்றில். மூடி பறந்தால் உள்ளிருப்பது அத்தனையும் ஆற்றில். என்னால் அவர்களைத் தாண்டிப் போகவும் முடியாது.

அத்தை செம்பைக் கீழே வைத்தார்.

சேகரின் கைக்கு அடியில் குனிந்து நுழைந்து, ஒரு கையால் மூடியை அழுத்தி, மறு கையால் டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். புஸ்ஸென்று நுரை அடித்தது. முகம், தலை, விரதத்துக்குத் துவைத்து உடுத்திய மஞ்சள் சேலை... எல்லாம் மீன். அத்தை கையை எடுக்கவில்லை. சீறல் அடங்கியது. நுரைதான் போனது, சரக்கு அப்படியே நின்றது.

"குளிச்சிட்டு வந்து காப்புக் கட்டிக்கங்க அத்த, ஒண்ணும் ஆகாது," என்று கெஞ்சினேன்.

"இல்ல புள்ள. காப்பு நாளுல மீனத் தொட்டுட்டு, தெரியாத மாதிரி ஆத்தாகிட்ட கைய நீட்ட முடியாது."

ஆற்றில் முழுகிவிட்டு வந்து, அன்று கோயிலில் கடைசி வரிசையில் நின்றார். பூசாரி மஞ்சள் நூலோடு அவரைத் தேடினார். அத்தை கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அம்மன் மேலேயே கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

திருவிழா முடிந்ததும் பரலைத் திரும்பக் கொண்டுவந்து ஊற்ற ஆரம்பித்தோம். துரை வந்தபோது கொழுந்து விட்டிருந்தது. ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விட்டார்.

இப்போது டவுனில் அதே மீன் தண்ணீரைப் படம் போட்ட போத்தலில் விற்கிறார்கள். சுனில் அய்யா சிமெண்டுத் தொட்டியே கட்டிவிட்டார். நாங்கள் கொழும்புக்கு வந்துவிட்டோம். அத்தை வரமாட்டேன் என்று அங்கேயே இருக்கிறார்.

நேற்று அங்கே காப்பு. வீடியோ காலில் அத்தை கையைத் தூக்கி மஞ்சள் நூலைக் காட்டிச் சிரித்தார். பின்னால் துண்டு முழுக்கப் பச்சை.

நல்லா இருக்கு அத்த என்றேன். எனக்கு ஞாபகம் வந்ததென்னவோ, அந்த வருஷம் முந்தானைக்குள் இருந்த வெறும் கைதான்.