படகு பேட்டரி எங்கள் வீட்டில் ஓடிய கோடை

எங்கள் காலனிக்குச் சொந்தமாக ஒரு படகு இருக்கிறது. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஏரிகள் நிரம்பி வழியும் ஆண்டுகளில் எங்கள் கடைசித் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். மீட்புப் படகுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், நலச்சங்கத்தில் வசூல் செய்து சிறிய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினோம். பெட்ரோல் இன்ஜின் யாருக்கும் பழக்கமில்லை. பேட்டரியில் ஓடும் மோட்டாரைப் பின்னால் பொருத்தினோம்.

பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சங்கச் செயலாளரோடு சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். செயலாளர் இந்த ஊரின் பழைய குடும்பத்தவர். தாத்தா நெல் போட்ட நிலத்தில் இவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்.

"கார் பேட்டரி போதாதா சார்?" என்று கேட்டார்.

கார் பேட்டரி இன்ஜினைக் கிளப்ப ஒரு வீச்சில் சக்தியைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். படகு மோட்டாருக்கு மணிக்கணக்கில் நிதானமாகக் கொடுப்பது வேண்டும். படகு சாய்ந்தால் அமிலம் சிந்தாதபடி மூடி அடைத்ததாகவும் இருக்க வேண்டும் என்று வகுப்பறையில் நிற்பவனைப் போல விளக்கினேன்.

"சார் சொல்லிட்டாரு, அவ்ளோதான். அதையே குடுங்க" என்றார் செயலாளர்.

தேர்வில் தவறில்லை. படகுக் கொட்டகையில் மின் இணைப்பு இல்லாததால் பேட்டரியை எங்கள் வீட்டில் வைத்தார்கள். மாதம் தவறாமல் சார்ஜ் ஏற்றினேன். முனைகளைத் துடைத்து வாசலின் தடவினேன். பாதிக்குக் கீழே இறங்கவிட்டால் இதன் ஆயுள் குறையும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அந்த மே மாதம் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் அடிக்கடி பழுதானது. என் இன்வெர்ட்டர் பேட்டரி கிழடாகிப் போயிருந்தது. புதிது வாங்கச் சோம்பல். படகு பேட்டரியைத் தூக்கி இன்வெர்ட்டரில் மாட்டினேன்.

"அது நம்மளோடது இல்லியே" என்றாள் மனைவி.

"சும்மா வச்சிருந்தாலும் பேட்டரி கெட்டுப்போகும். ஓட்டுறது நல்லதுதான்."

"அப்போ சங்கத்துல சொல்லிட்டே ஓட்டலாமே?"

ஃபேனைப் போட்டேன். ஒரு நாள் என்று தொடங்கியது கோடை முழுக்க நீண்டது. பல நாள் அடிமட்டம் வரை இறங்கவிட்டேன். மழைக்காலம் நெருங்கியதும் எனக்குப் புதிது வாங்கிக்கொண்டு அதைக் கழற்றித் துடைத்து, பழைய இடத்தில் வைத்தேன்.

ஆயுதபூஜை அன்று பேட்டரியைக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். படகுக்கும் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். செயலாளர் மீட்டரை என் கையில் கொடுத்து, "சார், செக் பண்ணி எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார். முள் முழு அளவைக் காட்டியது. ஃபுல் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். மீட்டர் காட்டுவது மின்னழுத்தத்தை மட்டும்தான். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது தண்ணீரில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதைக் கற்பித்துச் சம்பளம் வாங்கியவன், ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லாமல் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கார்த்திகையில் வெள்ளம் வந்தது. கடைசித் தெருவில், இடுப்பு எலும்பில் அறுவை செய்துகொண்ட ஒரு அம்மாளை ஏற்றிக்கொண்டு படகு திரும்பியது. இரண்டு மின்கம்பம் தாண்டியதும் மோட்டார் முனகி நின்றது. படகு வெள்ளத்தின் இழுப்பில் பக்கவாட்டில் போகத் தொடங்கியது. செயலாளர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்தார். மூடியில்லாத கால்வாயில் அவர் கால் இறங்கியது. அம்மாளைக் கரை சேர்த்த பிறகுதான் பாதம் கிழிந்திருந்ததைப் பார்த்தோம். காயம் சீழ் பிடித்து ஆற வெகுநாளானது. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார்.

கால் தேறியதும் என்னையும் கூட்டிக்கொண்டு பேட்டரிக் கடைக்குப் போனார்.

"இன்னாங்க, ஒரு மழைக்கே படுத்துக்குது? உயிர் போற மேட்டர்ங்க!" என்று கத்தினார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "வேற எதுக்காவது போட்டு ஓட்டினீங்களா சார்?" என்றார்.

"இல்லை" என்றேன்.

வாரண்டியில் வேறு பேட்டரி கொடுத்தார். கொடுக்கும்போது, "நான் கெட்ட சரக்கு விக்கிறவன் இல்ல சார்" என்றார். அதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அடுத்த ஆயுதபூஜைக்குச் செயலாளர் கற்பூரத் தட்டை என்னிடம் நீட்டினார். "பெரியவங்க நீங்களே காட்டுங்க சார்." என்னால் வாங்க முடியவில்லை. அவரை ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"தெரியும் சார்."

"எப்படி?"

"மே மாசம் தெருவுல எல்லார் வூட்டு இன்வெர்ட்டரும் கூவி அடங்கிடும். உங்க வூட்ல மட்டும் விடிய விடிய ஃபேன் சுத்திகினு இருக்கும். தெருவே பேசிச்சு."

"அப்புறம் ஏன் கடையில போய்ச் சண்டை போட்டீங்க?"

"பின்ன, உங்களாண்டயா போட முடியும்? என் பொண்ணுக்குப் பாடம் எடுத்தவரு நீங்க."

இனி பேட்டரி அவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "என் வூட்லயும் இன்வெர்ட்டர் கீது சார். கற்பூரம் அணையுது பாருங்க, காட்டுங்க."

காட்டினேன். பேட்டரி இன்றும் எங்கள் கூடத்தில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை படகில் வைத்து ஏரியில் ஓட்டிப் பார்க்கிறோம். ஆனால் கடைக்காரருக்கு இது எதுவும் தெரியாது. செயலாளர் எனக்காகப் போட்ட சண்டையில் கெட்டது கடைக்காரர் பெயர். நான் போய்ச் சொன்னால் செயலாளரும் பொய்யராவார் என்று இத்தனை காலம் எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். கடைக்காரரிடம் சொல்லிவிடலாமா என்று நேற்று செயலாளரிடம் கேட்டேன். "போலாம் சார், நானும் வரேன்" என்றார். இவ்வளவு எளிதாக இருந்த ஒன்றைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இன்று கடை திறக்கும் நேரத்துக்குப் புறப்படுகிறோம். வாசலில் அவர் வண்டி வந்து நிற்கிறது.